மூன்றாம் கம்பத்து விளக்கு

முதல் உப்புக்கட்டி ஜீப்பின் மூக்கில் விழுந்து உடைந்தது. இரண்டாவது என் காதை உரசிக்கொண்டு போனது.

"குறி தேறிட்டு வருது பென்," என்றேன். "மூணாவதுக்குக் குனிஞ்சுக்கலாமா?"

"நீ ஓட்டு, கேயூர். குனியறதை நான் பார்த்துக்கறேன்," என்றார் நிருபா ஜாலா.

பென் என்றால் குஜராத்தியில் அக்கா. நிருபாபென்னுக்கு ஐம்பத்திரண்டு வயது. த்ராங்கத்ரா நகரத்தில் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த பஞ்சு கோடவுன்களை மோந்து பார்த்து, எது தானாகப் பற்றியது, எது பற்றவைக்கப்பட்டது என்று சொன்னவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய ஓட்டுநர், எழுத்தர். கோபம் வந்தால் அவர் சொல்வதுபோல், அவருடைய இரைச்சல்.

முன்னால் ரண் என்கிற உப்புப் பாலைவனம் வெள்ளையாகக் கிடந்தது. யாரோ ஒரு வெள்ளைத் தாளில் கதை எழுத உட்கார்ந்து, ஆறு புள்ளி மட்டும் வைத்துவிட்டு எழுந்து போனதுபோல், தூரத்துக்கு ஒன்றாக ஆறு சாக்குக் குடிசைகள். நடுவில் ஒரு டிராக்டர். அதைச் சுற்றி முப்பது பேர். மூன்றாவது கட்டியை எறிந்தவர் ஒரு கிழவர். எறிந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

டிராக்டரின் டிரெய்லரில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மாவு டின், இரண்டு பானை, ஒரு துணி மூட்டை ஏற்றப்பட்டிருந்தன. ஒரு வீடு அவ்வளவு சின்ன இடத்தில் அடங்கிவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டிரெய்லர் பக்கத்தில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள்தான் ஜீவு. முப்பத்துநான்கு வயது. கணவன் போன பிறகு நான்கு வருடமாகத் தனியாளாக உப்புப் பாத்தி போடுகிறவள்.

காலையில் த்ராங்கத்ரா பெண்கள் சங்கத்திலிருந்து வந்த போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். நேற்று ராத்திரி தேவ்சி என்பவனின் பாத்தி வரப்பை யாரோ வெட்டிவிட்டார்கள். உப்பு வார எட்டு நாள்தான் பாக்கி. ஆறு மாதம் காய்ச்சிய உப்புத்தண்ணீர் வெளியே ஓடிப்போயிற்று. பழி ஜீவு மேல். ரண்ணில் கொலையைக்கூட உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். வரப்பை வெட்டியவருக்கு மட்டும் பேச்சு கிடையாது. அன்றே வெளியேற வேண்டும். தண்ணீர் லாரி அவருக்கு நிற்காது. பாத்தியும் கிணறும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். ஒல்லி, நரைத்த மீசை, கையில் கம்பு. பஞ்சாயத்துத் தலைவர் லவ்ஜி முகி.

"சங்கத்துக்காரங்க அனுப்பினாங்களாக்கும்," என்றார். "பேசறதைப் பேசிக்கோங்க. பொழுது சாஞ்சதும் வண்டி கிளம்பும். தண்ணி கேக்காதீங்க, கிடைக்காது."

"டீ?" என்றேன்.

"அதுவும்தான்."

"பிஸ்கட் பத்தி ஒண்ணும் தீர்மானம் போடலையே, காகா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாய் மட்டும் என் பேண்ட்டைப் பார்த்து உறுமியது.

மணி ஐந்தேகால். சூரியன் மறைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"யார் பார்த்தது?" என்று கேட்டார் நிருபாபென்.

டிராக்டர் சீட்டிலிருந்து ஒரு வாலிபன் குதித்து இறங்கினான். மெல்லிய தாடி, புது செருப்பு. "நான்தான். கான்ஜி."

"என் அக்கா பையன்," என்றது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். தேவ்சி. ஆள் உயரம், கண் சிவந்திருந்தது. தூங்காத கண்ணா, அழுத கண்ணா என்று சொல்ல முடியவில்லை. "உப்பு ஏத்த டிராக்டரோட வந்து மூணு நாள் ஆகுது. அவனுக்கு இவ மேல என்ன பகை? பார்த்ததைச் சொல்றான்."

"சொல்லட்டும்."

"நேத்து சிவராத்திரி," என்றான் கான்ஜி. "எல்லாரும் முகி வீட்டு பஜனைக்குப் போயிட்டாங்க. நான் வண்டியில கொஞ்சம் படுத்துட்டு, லேட்டா கிளம்பினேன். கம்பங்களை ஒட்டியே நடந்து வந்தேன். மாமா பாத்திக் கம்பத்துக்கிட்ட இந்த அம்மா நின்னுட்டிருந்தாங்க. கையில மண்வெட்டி."

"நிலா இல்லாத ராத்திரி. முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"கம்பத்துல விளக்கு எரியுதில்ல? அதுக்கு நேர் கீழ நின்னாங்க. மூக்குத்தி வரைக்கும் தெரிஞ்சுது."

"விளக்கு எரிஞ்சுது."

"நல்லா எரிஞ்சுது."

நிருபாபென் ஜீவு பக்கம் திரும்பினார். "நீ பஜனைக்குப் போகலையா?"

"என் டீசல் பம்புக்கு சிவராத்திரி தெரியாது," என்றாள் ஜீவு. "நான் அந்தப் பக்கமே போகல. அவ்வளவு ஏன், தேவ்சி கம்பத்துல நேத்து விளக்கே எரியல."

கூட்டம் ஊளையிட்டது.

"மேகமே இல்லாத ராத்திரில விளக்கு எரியலையாம்!"

"எங்க ஆறு கம்பமும் ஒரு நாள் தவறினதில்ல!"

"பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லத் தெரியல பாரு!"

"பொருத்தமா இல்லாததாலதான் எனக்குப் பிடிச்சிருக்கு," என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்தார் நிருபாபென். "தப்பிக்க நினைக்கறவ 'நான் தூங்கிட்டிருந்தேன்'னு சொல்லுவா. யாரும் நம்பாத ஒண்ணை ஏன் சொல்றா?"

அந்தக் கம்பங்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து, பாத்திக்கு ஒன்றாக ஆறு நட்டுவிட்டுப் போனார்கள். இந்த உப்புக்காற்றில் பேட்டரி ஆறு மாதம் தாங்காது. அதனால் பேட்டரியே இல்லாத விளக்கு. கம்பத்தின் தலையில் மேசையளவு கறுப்புத் தகடு, வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் தகடு தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். தகட்டுக்கு அடியில் தீப்பெட்டியளவு ஒரு வில்லை. அதன் மேல்பக்கம் குளிர், கீழ்ப்பக்கம் காற்றின் சூடு. அந்த வித்தியாசத்திலிருந்து கொஞ்சமாய் மின்சாரம் பிறக்கும். ஒரு சின்ன வெள்ளை விளக்குக்கு அது போதும். பக்கத்தில் நின்றால் முகம் தெரியும், ஒரு மைல் தள்ளிப் போனால் விளக்கே தெரியாது. மேகம் மூடினால் எரியாது. மற்றபடி வானம் திறந்திருக்கிற வரையில் எரியும்.

"கம்பத்தைப் பார்க்கலாம்," என்றார் நிருபாபென்.

முப்பது பேரும் எங்கள் பின்னால் வந்தார்கள். கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு பெரிய ஊர்வலம் அமையாது.

மூன்றாவது கம்பம் தேவ்சியுடையது. பாத்தி வற்றிக் கிடந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் அரைகுறை உப்பு, காய்ந்த சோறுபோல. தேவ்சி அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெட்டு கம்பத்தின் காலடியிலேயே இருந்தது. ஒரு முழம் அகலம்.

நிருபாபென் வரப்பு மேல் நடந்தார். போய்த் திரும்பிவர எட்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தேவ்சிபாய், இந்தப் பாத்தியில தண்ணி எந்தப் பக்கம் சாயும்?"

"அதோ, அந்த மூலை. எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்."

"அங்க வெட்டியிருந்தா?"

"ஒரு மணி நேரத்துல மொத்தமும் காலி."

"இங்க வெட்டினதால?"

"ராத்திரி முழுக்கப் போயிருக்கு. அந்த மூலையில இன்னும் கொஞ்சம் நிக்குது."

"பக்கத்துப் பாத்திக்காரி ஜீவு. பன்னிரண்டு வருஷமா இந்தப் பாத்தியைப் பார்க்கறா. கெடுக்கணும்னு மண்வெட்டி தூக்கினவ, மேட்டுப் பக்கமா பார்த்து, அதுவும் விளக்கு எரியற கம்பத்துக்குக் கீழ வந்து நின்னுதான் வெட்டுவாளா?"

"ஆத்திரத்துல வெட்டினவளுக்கு மேடு பள்ளம் தெரியுமா?" என்றான் தேவ்சி. கூட்டம் ஆமோதித்தது.

முகி மேற்கே பார்த்தார். சூரியன் ஒரு பனையளவு உயரத்தில் இருந்தது. ரண்ணில் பனை கிடையாது, ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

"மேல ஏறு, கேயூர்."

நான் ஜீப்பைக் கம்பத்தை ஒட்டி நிறுத்தி அதன் தலையில் ஏறினேன். தகட்டின் மேல் ஒரு கண்ணாடி, நாலு பக்கமும் புதிதாக மக்குப் பசை பூசி ஒட்டப்பட்டிருந்தது. விரலால் அழுத்தினேன். மக்கு இன்னும் இளகலாகவே இருந்தது.

"புதுக் கண்ணாடி, பென்."

"நான் போட்டது," என்றான் தேவ்சி. அந்தத் துக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை. "காலேஜ்காரன் மேல ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிட்டுப் போனான். ரொட்டி சுத்தற தாள் மாதிரி. காத்துல கிழிஞ்சுபோச்சு. பத்து வருஷமா நான் சோலார் பம்பு வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாததா? எந்த சோலாருக்குப் பிளாஸ்டிக் போடறாங்க? நேத்து மத்தியானம் கண்ணாடி வெட்டிக் கச்சிதமா ஒட்டினேன். உப்புத்தூசி ஒட்டாது, துடைக்கலாம். இனிமே இரட்டிப்பா எரியும்னு கான்ஜிகிட்டகூடச் சொன்னேன்."

"ராத்திரி எரிஞ்சதைப் பார்த்தியா?"

"நான் பொழுது சாயறதுக்கு முன்னாடியே பஜனைக்குப் போயிட்டேன். விடியற வரைக்கும் ஜால்ரா போட்டேன். ஊரே சாட்சி."

நிருபாபென் சில நொடி கண்ணாடியையே பார்த்தார். பிறகு ஜீவுவின் கம்பத்தை நோக்கி நடந்தார். அதுதான் நாலாவது. அதன் தகட்டின் மேல் பழைய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. கம்பத்தின் அடியில் ஒரு காலிச் சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது?"

"நேத்து கிணத்துலேர்ந்து வரேன், எல்லாம் இருட்டிப்போச்சு," என்றாள் ஜீவு. "இந்தப் பக்கம் அஞ்சாவது எரியுது, அந்தப் பக்கம் ரெண்டாவது எரியுது. என்னோடதும் தேவ்சியோடதும் எரியல. என்னோடதுல ஏறிப் பார்த்தா மேல சாக்கு கிடக்கு. காத்து கொண்டாந்து போட்டிருக்கும்னு எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்துல விளக்கு வந்துடுச்சு."

"காத்து கொண்டாந்த சாக்கு. எப்படிக் கிடந்துது?"

ஜீவு யோசித்தாள். "நாலு மூலையிலயும் உப்புக்கட்டி வெச்சிருந்துது."

"ரொம்பப் படிச்ச காத்து," என்றேன்.

ஒரு கட்டி என் முதுகில் விழுந்தது. இந்த முறை குறி தப்பவில்லை.

"தேவ்சியோட கம்பம் எரியலைன்னு பார்த்தியே, போய் என்னன்னு பார்க்கலையா?"

"அவன் எனக்கு ஒரு வருஷமா முகம் கொடுக்கறதில்ல. என் கிணத்துத் தண்ணியில உப்பு கெட்டியா இருக்கு, அவனோடது நீர்த்துப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண? அவன் விளக்கு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்னன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "போயிருக்கணும். இப்பத் தெரியுது."

நிருபாபென் ஓர் உப்புக் குவியலின் உச்சியில் ஏறினார். இந்தப் பக்கம் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே மலை அதுதான். கல்லூரிப் பேராசிரியருக்கு அடித்தார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பென் பேசியது மட்டும் கேட்டது.

"ஆமா சார், ரண்லேர்ந்துதான்... இல்ல, விளக்கு நல்லா இருக்கு. ஒரு கேள்வி. பிளாஸ்டிக்குக்குப் பதிலா கண்ணாடி போட்டா என்ன ஆகும்?"

அப்போது போனிலிருந்து வந்த அலறல் எனக்குக் கீழே வரை கேட்டது.

"கத்தாதீங்க சார், நான் போடல," என்றார் பென்.

இறங்கி வந்தபோது அவர் முகத்தில் எதுவும் இல்லை. கோடவுன் சாம்பலில் மண்ணெண்ணெய் வாசனை கிடைத்த நாட்களிலும் அவர் முகம் இப்படித்தான் துடைத்துவிட்டதுபோல் இருக்கும்.

"முகிபாய், விளக்கு எரியற வரைக்கும் எனக்கு நேரம் வேணும்."

"பொழுது சாயற வரைக்கும்னு சொன்னேன்."

"பொழுது சாஞ்சு அரைமணி ஆனாத்தானே விளக்கு வரும்?"

"அது உங்க கஷ்டம். பஞ்சாயத்து சொன்னா சொன்னதுதான். அரைமணி அரைமணியா நகர்த்தினா அதுக்குப் பேரு பஞ்சாயத்தா?" கம்பைத் தரையில் ஊன்றினார். "கான்ஜி, வண்டியை எடு."

மேற்கே வெள்ளைத்தரை சிவந்து, சிவப்பு சாம்பலாகிக்கொண்டிருந்தது. ஜீவு டிரெய்லரைப் பார்த்தாள். ஏறச் சொன்னால் ஏறிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால், சில சமயம் அதுவே நடந்ததோ என்று தோன்றிவிடும்.

நான் ஜீப்பிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனேன். பின் டயர் தரையோடு படுத்திருந்தது. ஆணியடித்த துளை. நாய்க்குப் பக்கத்தில் நின்ற நாலு பேர் வானத்தை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை. நல்ல யோசனையை யார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கான்ஜி டிராக்டரைக் கிளப்பினான். டிரெய்லர் பத்தடி நகர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாவு டின்னை உருட்டிவிட்டு நின்றது.

"டயர்ல காத்து இல்ல!" என்று கத்தினான்.

"ரெண்டு டயர்லயுமா?" என்றேன். "அடடா. இந்த ஊர்ல டயருக்கு ஏதோ நோய் வந்திருக்கு போல. எங்களுதுக்கும் வந்திருக்கு."

முகி என்னை வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்த நாலு பேரைப் பார்த்தார். அவர்கள் வானத்தை ரசிப்பதை நிறுத்தினார்கள்.

"பம்பு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"அரைமணி," என்றான் கான்ஜி.

நிருபாபென் மூன்றாம் கம்பத்தடிக்குத் திரும்பி வந்து, வரப்பின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

இருட்டு கீழேயிருந்து மேலே வந்தது. ரண்ணில் அப்படித்தான். தரை முதலில் நீலமாகும், வானம் கடைசியாக. பம்பு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் நட்சத்திரம் வந்த கொஞ்ச நேரத்தில், தூரத்தில் ஆறாவது கம்பத்தில் ஊசிமுனையளவு ஒரு வெளிச்சம் துளிர்த்தது. பிறகு ஐந்தாவது. பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் முதலாவதும் இரண்டாவதும். ஜீவுவின் நாலாவது கம்பம் கடைசியாக, தயங்கித் தயங்கி எரிந்தது.

மூன்றாவது கம்பம் இருட்டாகவே நின்றது.

பம்பு சத்தம் நின்றது.

"கொஞ்சம் நேரமாகும்," என்றான் தேவ்சி.

"ஆகட்டும், காத்திருக்கேன்," என்றார் நிருபாபென். "உன் பேரன் காலம் வரைக்கும் காத்திருந்தாலும் எரியாது. தகடு தன் சூட்டை வானத்துக்கு அனுப்பினாத்தான் குளிரும். அந்த மெல்லிசு பிளாஸ்டிக் வழியா சூடு போயிடும். கண்ணாடி வழியாப் போகாது. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தகட்டுக்கு உன் கண்ணாடி ஒரு செங்கல் சுவர். கண்ணாடியை ஏத்தி மூடின ஜீப்பை வெயில்ல நிறுத்திப் பார்த்திருக்கே இல்ல? உள்ள போன சூடு வெளியே வருதா? நீ உன் விளக்குக்கு வானத்தையே மூடிட்டே, தேவ்சிபாய்."

"பேச்சு!" என்றான் தேவ்சி. "வில்லை கெட்டிருக்கும்."

"முகிபாய், கண்ணாடியை நீங்களே எடுங்க. நான் தொட்டா, நான் ஏதோ பண்ணினேன்னு சொல்வாங்க."

முகி ஜீப்பின் மேல் ஏறினார். கத்தியால் மக்கைக் கிளறிக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஒருவர் ஒரு பீடியை முழுதாகப் புகைக்கிற நேரம் போயிற்று. பாதி பேர் திட்டத் தொடங்கியிருந்தார்கள். அப்போது கம்பத்தின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து, தயங்கி, நிலைத்தது. கீழே நின்ற தேவ்சியின் முகம் மெல்லத் தெரிந்தது. மூக்கு நுனி வரைக்கும்.

யாரும் கட்டி எறியவில்லை.

"கான்ஜி," என்றார் நிருபாபென். "நேத்து மத்தியானத்துலேர்ந்து கண்ணாடி மேல இருக்கு. ராத்திரி இங்க விளக்கு எரியல. மூக்குத்தி எப்படித் தெரிஞ்சுது?"

கான்ஜி உதட்டை நனைத்துக்கொண்டான். "இருட்டுலயும்... அடையாளம் தெரியும்ல?"

"அப்போ 'இருட்டுல பார்த்தேன்'னு சொல்லியிருக்கலாமே. எரிஞ்சுது எரிஞ்சுதுன்னு ஏன் நீயா வாயால விளக்கேத்தினே? இந்தக் கம்பம் இருட்டா இருந்துதுன்னு நீ சொல்லவே கூடாது. அதைச் சொன்னா ஒரே ஒரு ஆளுக்கு எல்லாம் விளங்கிடும்."

"எனக்கு ஒண்ணும் விளங்கல," என்றார் முகி.

"நேத்து சாயங்காலம் ஒருத்தர் ஜீவு கம்பத்து மேல சாக்கைப் போட்டு, பறக்காம கட்டி வெச்சாங்க. எதுக்கு? அவ விளக்கு எரியக்கூடாது. எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி இருக்கற இடத்துல, இருட்டா இருக்கற கம்பம் ஒரு அடையாளம். இங்க பொறந்து வளர்ந்தவங்களுக்கு அடையாளம் எதுக்கு? கண்ணைக் கட்டி விட்டாலும் அவங்க பாத்திக்குப் போயிடுவாங்க. வெட்டினா பள்ளத்து மூலையில வெட்டுவாங்க. இது, கம்பத்தைத் தவிர வேற எதுவும் தெரியாதவன் கம்பத்தடியில வெட்டின வெட்டு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பாத்தி தெரியாத ஆளுங்க இங்க எத்தனை பேர்? நான், என் இரைச்சல், அப்புறம்?"

முப்பது முகங்களும் திரும்பின.

"ஜீவு சாக்கை எடுத்துட்டா. அவ விளக்கு எரிய ஆரம்பிச்சுடுச்சு. அது, சாக்கைப் போட்டு ஆளை அனுப்பினவருக்குத் தெரியாது. தன்னோட கண்ணாடி தன் விளக்கையே அணைச்சிடுச்சுன்னும் அவருக்குத் தெரியாது. கம்பங்களை ஒட்டியே நடந்து வந்தவனுக்கு ஒண்ணு எரியுது, ரெண்டு எரியுது, மூணு இருட்டு. வந்த வேலையை முடிச்சுட்டான்."

தேவ்சி மெதுவாக, மிக மெதுவாகத் தன் அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ என்னடா சொன்னே என்கிட்ட?" என்றான். "நான் போறதுக்குள்ள அவளே வந்து நம்ம வரப்பை வெட்டிட்டா மாமான்னு அழுதியே..."

கான்ஜி பின்னால் நகர்ந்தான். டிரெய்லர் சக்கரம் தடுத்தது.

"நீங்கதானே மாமா சொன்னீங்க!" என்று வெடித்தான். "இருட்டா இருக்கற கம்பம்னு! அது அவளுதுன்னு! நான் இருட்டா இருந்த கம்பத்தைத்தான் வெட்டினேன்! காலையில பார்த்தா உங்களுதுங்கறாங்க... நான் என்ன பண்ணட்டும்?"

தேவ்சி அவன்மேல் பாய்ந்தான். ஆறு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்தார்கள். பிடித்தவர்களையும் அவன் உதைத்தான். கடைசியில் மூச்சு வாங்க, முகியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், குளிரும் எடுக்கும்.

"நான் யார் பாத்தியை வெட்டினேன்? என் பாத்தியைத்தானே! என் உப்புதானே போச்சு! அதுக்கு எந்தப் பஞ்சாயத்துல சட்டம் இருக்கு?"

அப்படி ஒரு வழக்கு ரண்ணுக்கு இதுவரை வந்ததில்லை.

கூட்டம் சட்டம் தேடவில்லை. "இவனை ஏத்துங்கடா வண்டியில!" என்றது ஒரு குரல். "மாமனையும் மருமகனையும் சேர்த்து ஏத்து!" என்றது இன்னொன்று. காலையிலிருந்து ஜீவுவின் பக்கம் நீண்டிருந்த அதே விரல்கள் ஒரு நொடியில் தேவ்சி பக்கம் திரும்பின. எல்லோருக்கும் ஒரே அவசரம். டிரெய்லர் காலியாகப் போய்விடக் கூடாதே என்பதுபோல்.

"நில்லுங்க," என்றாள் ஜீவு.

அன்று முழுக்க அவள் சத்தம் போட்டுப் பேசியதில்லை. அதனாலோ என்னவோ எல்லோரும் நின்றார்கள்.

"அவனை என்ன பண்ணணுமோ நாளைக்குப் பண்ணுங்க. அது உங்க பாடு, அவன் பாடு. இன்னிக்குக் காலையிலேர்ந்து எனக்கு ஒரு வாய் தண்ணி எவன் கொடுத்தான்? எவ கொடுத்தா? பன்னிரண்டு வருஷம் உங்க கூட உப்பு வாரியிருக்கேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'நீதான் வெட்டினியா'ன்னு என்கிட்ட கேட்டீங்களா?"

அவள் புடவை முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, வரப்பின் மேல், நிருபாபென் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் சாமானை இறக்குங்க," என்றாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கட்டி எறிந்த கிழவர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். வானத்தை ரசித்த நாலு பேரில் மூன்று பேர் மீதிக் கால்களைப் பிடித்தார்கள். பெண்கள் பானைகளை எடுத்தார்கள். துணி மூட்டை கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக டிரெய்லரில் உருண்டு கிடந்த மாவு டின் மட்டும் பாக்கி. கம்பைக் கீழே போட்டுவிட்டு லவ்ஜி முகி அதைத் தூக்கித் தோளில் வைத்தார். கனம் தாங்காமல் கால் தடுமாறியது. ஜீவுவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்கேம்மா வைக்கட்டும்?" என்றார்.

ஜீவு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுத்த இடத்துல."